நின்றுகொண்டிருந்த இரண்டு பேருந்துகள்

அந்த வாரம் முழுக்க என் தங்கை நடந்துகொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் வாசற்கதவிலிருந்து சமையலறைக் குழாய் வரை பதினோரு அடி வைக்கலாம். போவாள், குழாயைத் திறப்பாள், தண்ணீர் குடிக்காமலே மூடுவாள், திரும்பி வருவாள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். "உட்கார்ந்து தொலையேன்டி, எனக்குத் தலை சுத்துது" என்று கத்தினேன். உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே முழங்காலை ஆட்டினாள். அது இன்னும் மோசம்.

விஷயம் இதுதான். அவளுக்குப் பதினாறு வயது. மேல்நிலை வகுப்பில் வணிகவியலா, வரலாறா என்று சனிக்கிழமை மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும். வணிகவியலில் எப்போதும் இடம் இருக்கும். வரலாற்றுக்கு ஆளே வருவதில்லை. அதனால் பதினைந்து பேர் சேர்ந்தால்தான் அந்தப் பிரிவைத் திறப்போம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டி, ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்டிருந்தார்கள். பதினான்கு பெயர் விழுந்தாகிவிட்டது. பதினைந்துக்கு எதிரே என் தங்கை பென்சிலால் பெயரை எழுதுவாள், மறுநாள் போய் அழித்துவிடுவாள். மூன்று முறை அழித்ததில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து, பின்னாலிருந்த பலகை மங்கலாகத் தெரிந்தது. பதினான்கு பேரும் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி தன் குடையையே கொடுத்துவிட்டாளாம், வெயில் காலத்தில்.

நான் வணிகவியல் கட்சி. நான் அதைப் படித்துத்தான் பேருந்து டிப்போ அலுவலகத்தில் தட்டச்சராக உட்கார்ந்திருக்கிறேன். அப்பா அதே டிப்போவில் ஓட்டுநர். அம்மா போன பிறகு வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்வேன் என்று அப்பா சொல்வார். அது வேறு கதை.

"வரலாறு படிச்சுட்டு என்ன பண்ணுவ? செத்துப்போன ராஜா எந்திரிச்சு வந்து வேலை போட்டுத் தரப்போறாரா?"

"ராஜாவைப் பத்தி இல்லக்கா."

"அப்புறம் எதைப் பத்தி?"

"தெரியல. அதான் நடக்கறேன்."

இவளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். டிப்போவில் யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ரைட்டர் என்பார்கள். வண்டியில் ஒரு கீறல் விழுந்தால்கூட ஓட்டுநர் ஒரு நாளைக்குள் தன் கைப்பட வாக்குமூலம் தர வேண்டும் என்பது எங்கள் டிப்போ விதி. அதற்கென்று ஒரு தாள் உண்டு. மேலே 'நடந்தது என்ன?' என்று அச்சடித்து, கீழே முப்பது கோடுகள் போட்டிருக்கும். குறுகலான சந்தில் பேருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிற மனிதர்களுக்கு அந்த முப்பது கோடுகளைக் கண்டால் கை நடுங்கும். பன்னிரண்டு வயதில் ஒரு முறை அப்பாவுக்காக இவள் எழுதிக் கொடுத்தாள். அப்பா அதைப் பார்த்துத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். விசாரணை அன்றே முடிந்துவிட்டது. அதன்பிறகு எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் யாராவது ஓட்டுநர் ஒரு தாளோடு தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார்.

இவள் மூன்றே கேள்விதான் கேட்பாள். வண்டி எங்கே நின்றது, பக்கத்தில் என்ன இருந்தது, என்ன எழுதினால் உங்களுக்கு நல்லது. பதிலைக் கேட்டுக்கொண்டே எழுதத் தொடங்கிவிடுவாள். அவளுக்கென்று ஒரு முத்திரை வாசகம் உண்டு: 'வண்டி முழுமையாக நின்றுவிட்ட நிலையில்.' நின்ற வண்டி எப்படித் தப்பு செய்யும் என்பது அவள் கட்சி. நான்கு வருடத்தில் இவள் எழுதிக் கொடுத்த ஒருவருக்கும் தண்டனை வந்ததில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை, டிப்போவில் வண்டி கழுவும் இடத்தில் இரண்டு பேருந்துகள் பின்பக்கத்தோடு பின்பக்கம் உரசிக்கொண்டன. ஒன்றை ஓட்டியவரின் பட்டப்பெயர் ஹாரன். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றை ஓட்டியவர் நத்தை. அதற்கும் விளக்கம் வேண்டாம். மதியம் ஹாரன் எங்கள் வீட்டுக்கு வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார். மாலை நத்தை வந்தார். இவள் அவருக்கும் எழுதிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தாளும் தட்டச்சுக்கு என் மேசைக்கு வந்தன. முதல் தாளில் 'என் வண்டி முழுமையாக நின்றுவிட்ட நிலையில்.' இரண்டாம் தாளிலும் 'என் வண்டி முழுமையாக நின்றுவிட்ட நிலையில்.' அதாவது, நின்றுகொண்டிருந்த இரண்டு பேருந்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டையும் சுத்தமாகத் தட்டச்சு செய்து, துளை போட்டுக் கோப்பில் கட்டி, மேனேஜர் அறைக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை மேனேஜரின் உத்தரவும் தட்டச்சுக்கு என்னிடமே வந்தது. இரண்டு வண்டிகளும் நின்ற நிலையில் இருந்தது வாக்குமூலங்களால் தெளிவாகிறது. வண்டியில் உள்ள சிராய்ப்பு பழையது. எனவே வண்டி கழுவும் பெண் ஊழியரின் மணிக்கட்டு முறிந்ததற்கு அவருடைய சொந்தக் கவனக்குறைவே காரணம். சிகிச்சை விடுப்பு கிடையாது. அடுத்த மாதம் முதல் அவருக்குப் பதில் வேறு ஆள். நான் அதையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

மாலை வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே இதை ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். தங்கையின் நடை நின்றது.

"யாருக்குக் கை உடைஞ்சுது?"

"வண்டி கழுவுற பெரியம்மாவுக்கு. உனக்குத் தெரியாதா?"

"ரெண்டு மாமாவும் அதைச் சொல்லவே இல்ல."

"நீ கேட்டியா?"

அவளுடைய மூன்று கேள்வியில் அது இல்லை. வேறொன்று கேட்டாள்.

"நீதானே டைப் பண்ணின. ரெண்டும் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

சிரித்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எழுதினது நீ, கேள்வி எனக்கா?" என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவள்மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு அவளோடு நானும் போனேன். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. பெரியம்மா ஈரத்துணியின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு முனையை இடக்கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். வலக்கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. தங்கை போய்த் துணியை வாங்கிப் பிழிந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தாளை எடுத்தாள்.

"ரைட்டரா? நீ அழகா எழுதுவியாமே" என்றார் பெரியம்மா. "எனக்கு அழகெல்லாம் வேணாம் பாப்பா. நான் சொல்றதைப் போடு."

அவர் சொன்னார். "ஒரு வண்டிக்குப் பின்பக்கம் பிரஷ் போட்டுட்டு இருந்தேன். அது பின்னால வந்துச்சு. திரும்பிப் பார்த்தா அந்தப் பக்கத்து வண்டியும் பின்னால வருது. நடுவுல நான். இதுல ஒரு தட்டு தட்டினேன். அதுல ஒரு தட்டு தட்டினேன். ரெண்டும் நிக்கல. கை மாட்டிக்கிச்சு."

"எத்தனை தட்டு?"

"ஒண்ணு ஒண்ணுதான். நில்லுன்னா ஒரு தட்டுதானே."

எங்கள் டிப்போவில் யாரும் எழுதி வைக்காத பழக்கம் அது. வண்டியின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் வா. ஓட்டுநர்கள் கண்ணாடியைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள், காதைத்தான் முதலில் நம்புவார்கள்.

தங்கையின் பேனா நின்றுவிட்டது. "அக்கா," என்றாள் என்னைப் பார்த்து, மெதுவாக. "ஹாரன் மாமா என்கிட்ட ரெண்டு தட்டு கேட்டுச்சுன்னு சொன்னார். நத்தை மாமாவும் அதையேதான் சொன்னார். ரெண்டு தட்டு கேட்டுதான் வந்தேன்னு. அதை எழுதினா வண்டி நின்னுச்சுன்னு எழுத முடியாது. அதனால ரெண்டையும் நான் விட்டுட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பெரியம்மா இந்த வண்டியில் ஒன்று, அந்த வண்டியில் ஒன்று தட்டியிருக்கிறார். இரண்டு வண்டியும் அவ்வளவு நெருங்கி வந்துவிட்டதால் ஒவ்வொரு ஓட்டுநர் காதிலும் இரண்டும் விழுந்திருக்கின்றன. நில் என்று இரண்டு வண்டிக்குச் சொன்னது, இரண்டு பேருக்கும் வா என்று கேட்டிருக்கிறது. மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை, இவள் எழுதுகிற வரைக்கும்.

அவள் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அழுவாள் என்று நினைத்தேன். இல்லை. பயம், வெட்கம் எல்லாம் இருந்தது. ஆனால் அவற்றுக்கு மேலே ஒரு சந்தோஷம் இருந்தது, மறைக்க முடியாத சந்தோஷம். அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் முழங்கால் ஆடாமல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். யார் எங்கே இருந்தார்கள், யார் காதில் என்ன விழுந்தது, யார் எதைப் பார்க்கவில்லை. 'எனக்குத் தெரியவில்லை' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. அவள் எழுதிய எதிலும் அதற்கு முன் அந்தச் சொல்லை நான் தட்டச்சு செய்ததில்லை.

அவள் என்னோடு டிப்போவுக்கு வந்தாள். பெரியம்மா சொன்ன தாளையும் இந்த இரண்டு பக்கத்தையும் மேனேஜர் படித்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"இதான் நடந்திருக்கும். நான் நம்பறேன்" என்றார். "ஆனா இந்தத் தட்டுற பழக்கம் எந்த ஃபைல்லயும் இல்லம்மா. இது மேல போச்சுன்னா, பின்னால நின்னு கை காட்ட ஆள் ஏன் போடலன்னு என்னைக் கேப்பாங்க. அப்புறம் ரெண்டு டிரைவருக்கும் தண்டனை. அந்த அம்மாவுக்கும் ஒண்ணும் கிடைக்காது, விசாரணை ஒரு வருஷம் இழுக்கும்."

"அப்போ?"

"நீயே எழுதிக் கொடு. சோப்புத் தண்ணியில தரை வழுக்கிச்சு, அந்த அம்மா விழுந்தாங்க, யார் மேலயும் தப்பில்ல. நான் அவங்களுக்கு விடுப்பும் தரேன், வேலையும் அப்படியே இருக்கும். உன்னால முடியும்." கொஞ்சம் நிறுத்தி, "வணிகவியல் முடிச்சுட்டு வா. உன் அக்காவுக்குப் பக்கத்து மேசை காலியாத்தான் இருக்கு" என்றார்.

அவர் மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள். தங்கை மதியமே மறுபடியும் டயர் கடை மாடிக்குப் போய்ப் பெரியம்மாவிடம் கேட்டாள். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "வழுக்கிச்சுன்னே போடு பாப்பா. எனக்கு வேலைதான் வேணும்." 

எழுதினாள். பெரியம்மாவே சொல்வதாக, பத்தே நிமிடத்தில். சோப்பு நுரை, காலை வெயில், வழுக்கும் தரை, உடனே ஓடிவந்து தூக்கிவிட்ட இரண்டு ஓட்டுநர்கள். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. நடக்காத ஒன்றுக்காக. அன்று மாலை ஹாரன் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனார். அப்பா சந்தோஷத்தில் இரண்டு தரம் தேநீர் போட்டார். "எல்லாருக்கும் நல்லது பண்ணிட்ட. மேனேஜரே கூப்பிடுறார், இனிமே என்ன யோசனை?" என்றார்.

யோசனைதான். பதினோரு அடி போனாள், பதினோரு அடி வந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். "நானெல்லாம் வரலாறு படிக்கக் கூடாதுக்கா" என்றாள் குழாயைப் பார்த்துக்கொண்டே. "எதை வேணும்னாலும் நடந்த மாதிரி எழுதிடுவேன். என் கையை எனக்கே நம்ப முடியல." இன்னொரு சுற்று போய்விட்டு வந்து, "ஆனா அந்தத் தட்டு புரிஞ்சப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா" என்றாள். மேலே சொல்லத் தெரியாமல் மறுபடியும் நடந்தாள். வணிகவியல்தான் நல்லது என்று சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சோப்புத் தண்ணீர் தாளைக் கோப்பில் சேர்த்து, பழைய உத்தரவை ரத்து செய்து புதிதாக அடிக்கச் சொன்னார். பழைய தாள்களை என்னிடம் நீட்டினார். ஹாரன் வாக்குமூலம், நத்தை வாக்குமூலம், பெரியம்மா சொன்னது, அந்த இரண்டு பக்கம். "இதெல்லாம் குழப்பம். கிழிச்சுப் போட்டுடும்மா" என்றார். சரி சார் என்றேன்.

ஆறு வருடமாக அவர் சொன்னதை நான் செய்யாமல் இருந்ததில்லை. தாள்களை நான்காக மடித்தேன். குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவுக்கு வந்தது. தாள்களைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். சோப்புத் தண்ணீர் தாளுக்கும் ஒரு நகல் எடுத்து அதோடு வைத்தேன். மதியம் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

மாலை வீட்டுக்கு வந்து, நடந்துகொண்டிருந்தவளை நிறுத்தி, பையைத் தரையில் கவிழ்த்தேன். தாள்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எதற்காகக் கொண்டுவந்தேன் என்று கேட்கவில்லை.

உட்கார்ந்தாள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பேனாவால் எழுதத் தொடங்கினாள், சின்ன எழுத்தில். சொன்னவர் யார், எழுதியவர் யார், எந்தக் கிழமை, எந்த நேரம், எதை எழுதாமல் விட்டது. ஹாரன் தாளில், 'இரண்டு தட்டு கேட்டது என்று சொன்னார். நான் சேர்க்கவில்லை' என்று எழுதினாள். நத்தை தாளிலும் அதையே எழுதினாள். சோப்புத் தண்ணீர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அதன் ஓரத்தில் இரண்டே வரி எழுதினாள்: 'எழுதியது நான். இப்படி நடக்கவில்லை.' கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டாள். என் பழைய பள்ளிக் கோப்பு உறை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் அதில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கே பள்ளிக்குக் கிளம்பினாள். நானும் போனேன், வேவு பார்க்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை முன்னால் நின்று பென்சில் பெட்டியைத் திறந்தாள். பென்சிலைத் தொடவில்லை. பேனாவால் பதினைந்துக்கு எதிரே முதல் எழுத்தைப் போட்டாள். தேய்ந்த இடத்தில் தாள் கிழிந்து, முனை பலகையில் குத்தியது. ஓட்டைக்குக் கீழே கொஞ்சம் தள்ளி, கோணலாக, முழுப்பெயரையும் எழுதினாள். பின்னால் நின்ற குடைக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். முகம் வாடிவிட்டது. "அந்த மேசை காலியா இருக்குன்னாரேம்மா" என்றார்.

"தெரியும்பா. அங்க உட்கார்ந்தா நான் ரொம்ப நல்லா எழுதுவேன். அதான் பயமா இருக்கு."

அப்பா பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் போட்டார். வேலைக்குக் கிளம்பிப் போனார். தங்கை கோப்பு உறையை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள்.

"ஒண்ணு குறையுதுக்கா" என்றாள். பேனாவை நீட்டினாள்.

"நான் என்ன எழுதணும்?"

"உனக்குத்தான் தெரியும். நான் எழுதித் தர மாட்டேன்."

இரண்டு ஓட்டுநர் தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். தினமும் நாற்பது பக்கம் அடிக்கிற கை. ஒரு வரி எழுத எனக்குத் தேநீர் ஆறிப்போகிற நேரம் ஆயிற்று. ஓரத்தில், அவள் எழுத்துக்குக் கீழே, எழுதினேன்: 'செவ்வாய்க்கிழமை காலை இரண்டையும் தட்டச்சு செய்தது நான். பார்த்தேன். சிரித்தேன்.'